சங்கீதப் புத்தகத்தை அடுக்கியவர்கள் யார், எந்த முறையில் அடுக்கினார்கள்?

சுவடிவாசகன் எழுதியது:

72ஆம் சங்கீதம் "தாவீதின் விண்ணப்பங்கள் முடிந்தது" என்று நிறைவடைகிறது. சில பக்கங்கள் தள்ளிப் போனால் 86ஆம் சங்கீதத்தின் தலைப்பில் மறுபடியும் தாவீதின் பெயர். பிறகு 101, 103, 108 முதல் 110 வரை, 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களில் நான்கு, 138 முதல் 145 வரை எட்டு. முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகு 18 சங்கீதங்கள் அவர் பெயரில் வருகின்றன. அந்த அறிவிப்பைத் தாங்கி நிற்கும் 72இன் தலைப்பிலோ சாலொமோனின் பெயர்தான் இருக்கிறது.

காலவரிசையும் இல்லை. அப்சலோமுக்குத் தப்பி ஓடிய முதியவர் தாவீது 3ஆம் சங்கீதத்தில் பாடுகிறார். சவுலுக்கு அஞ்சிக் குகையில் ஒளிந்த இளைஞர் தாவீது 57இல்தான் வருகிறார். 14ஆம் சங்கீதமும் 53ஆம் சங்கீதமும் ஏறத்தாழ ஒன்றே. 40இன் கடைசி ஐந்து வசனங்கள் 70ஆம் சங்கீதமாகத் தனியே நிற்கின்றன. 108ஐ எடுத்துப் பார்த்தால் முதற்பாதி 57இலும் பிற்பாதி 60இலும் ஏற்கெனவே இருக்கிறது.

கவனக்குறைவால் நேர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்தாம் தொகுத்திருப்பார்கள். இரண்டு முறை வருவது அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்காது. அப்படியானால் ஏன் அதை விட்டுவைத்தார்கள்? எந்த ஒழுங்கு அவர்களுடைய மனத்தில் இருந்தது? இதைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

கீழைக்காற்று எழுதியது:

தம்பி, நீங்கள் சுட்டிய மூன்று இடங்களும் புத்தகத்தின் தையல் தெரிகிற இடங்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி விடை கிடைத்துவிடும்.

நாம் ஒரே நூலாகப் படிப்பது முதலில் பல சிறு தொகுப்புகளாக இருந்தது. 3 முதல் 41 வரை பாருங்கள்: 10, 33 இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் தாவீதின் பெயர். இது ஒரு கொத்து. 42 முதல் 49 வரை கோராகின் புத்திரருடையது. 50 ஆசாபுடையது, ஆனால் ஆசாபின் மற்ற பதினொன்றும் வெகுதூரம் தள்ளி, 73 முதல் 83 வரை, வரிசையாக இருக்கின்றன. நடுவில் 51 முதல் 72 வரை இன்னொரு தாவீது கொத்து. "முடிந்தது" என்ற வரி அந்தக் கொத்தின் கடைசியில் எழுதிய முடிவுக் குறிப்பு. அது அந்தச் சிறு தொகுப்பைப் பற்றித்தான் பேசுகிறது. பெரிய நூலுக்குள் கொத்து வந்து சேர்ந்தபோது குறிப்பும் கூடவே வந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் அதை நீக்கவில்லை.

ஆசாப், கோராகு, ஏமான், எதுத்தூன் ஆகியவை எருசலேம் தேவாலயத்தில் பாடிய லேவியக் குடும்பங்களோடு சேர்ந்த பெயர்கள். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியலில் ஆசாபின் புத்திரரான பாடகர் 128 பேர் என்று எஸ்றா 2ஆம் அதிகாரம் தருகிறது. நெகேமியா 7இல் அதே பட்டியல் 148 என்கிறது. குடும்பத்துக்கு ஒரு பாட்டுச் சுருள் இருந்திருக்கும் என்று எண்ண இதுவே போதுமான காரணம்.

இரட்டைப் பாடல்களுக்கும் இங்கேதான் விடை. 14இல் "கர்த்தர்" பரலோகத்திலிருந்து கண்ணோக்குகிறார். 53இல் அதே வசனத்தில் "தேவன்" கண்ணோக்குகிறார். இது ஓரிடத்து மாற்றம் மட்டும் இல்லை. 42 முதல் 83 வரையிலான 42 சங்கீதங்களிலும் எபிரேயத்தில் யாவே என்ற திருப்பெயர் அரிதாகி, தேவன் என்று பொருள்படும் ஏலோஹிம் மிகுந்து நிற்கிறது. இருபுறமும் உள்ள பாடல்களில் நிலைமை தலைகீழ். ஒரு காலத்தில் யாரோ ஒருவரோ ஒரு குழுவோ இந்த 42ஐயும் தனி நூலாகக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். ஆகவே 14 ஒரு நூலில் இருந்தது, 53 இன்னொரு நூலில் இருந்தது. இரண்டு நூல்களும் சேர்ந்தபோது இரண்டு பாடல்களும் தங்கிவிட்டன.

108ஐப் பற்றி ஒன்று. அது இருப்பது ஐந்தாம் புத்தகத்தில். அங்கே யாவே என்ற பெயரே மிகுதி. ஆனால் 57இலிருந்தும் 60இலிருந்தும் வந்த வரிகள் பெரும்பாலும் ஏலோஹிமோடுதான் வந்திருக்கின்றன. அப்படியென்றால் பெயர் மாற்றம் முடிந்த பிறகு அங்கிருந்து எடுத்துக் கட்டிய பாடல் அது. எது முந்தியது, எது பிந்தியது என்று ஒரு பாடலே சாட்சி சொல்கிற இடம் இது. எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்த துப்பு.

நாற்சந்தி எழுதியது:

ஐந்து புத்தகப் பிரிவை யாரும் இன்னும் தொடவில்லையே. 1–41, 42–72, 73–89, 90–106, 107–150. முதல் நான்கும் ஒரு வாழ்த்தோடும் ஆமெனோடும் முடிகின்றன. ஐந்தாவதற்கு 150 முழுவதுமே வாழ்த்து. மோசே இஸ்ரவேலுக்கு ஐந்து நியாயப்பிரமாண புத்தகங்களைக் கொடுத்தார், தாவீது ஐந்து சங்கீதப் புத்தகங்களைக் கொடுத்தார் என்று யூதரின் வேத விளக்க நூலான மித்ராஷ் சொல்கிறது.

நான் பாடகர் குழுவில் இருப்பவள். என் மனத்துக்கு இது முழுக்க முழுக்க ஆராதனை ஒழுங்கு என்றுதான் படுகிறது. இராகத்தலைவனுக்கு என்ற தலைப்பு 55 சங்கீதங்களில் வருகிறது. இசைக் குறிப்பாகக் கருதப்படும் சேலா என்ற சொல் 71 இடங்களில் வருகிறது. பாடுவதற்கென்று கட்டிய புத்தகத்தைப் பாடும் வரிசையில்தானே அடுக்கியிருப்பார்கள்?

கீழைக்காற்று எழுதியது:

பாடுவதற்கென்று எழுந்த பாடல்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை அம்மா. பாடும் வரிசையில் அடுக்கியிருக்கிறார்களா என்பதை மட்டும் சோதித்துப் பார்ப்போம். அதற்கு வசதியாக, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு பட்டியல் இருக்கிறது.

தேவாலயத்தில் லேவியர் நாள்தோறும் பாடிய சங்கீதங்களை தமீத் என்ற பகுதியின் கடைசியில் வரிசையாகத் தந்திருக்கிறார்கள். ஞாயிறு 24, திங்கள் 48, செவ்வாய் 82, புதன் 94, வியாழன் 81, வெள்ளி 93, ஓய்வுநாள் 92. ஆராதனை ஒழுங்குதான் நூலை அடுக்கியது என்றால் இந்த ஏழும் அடுத்தடுத்து இருந்திருக்க வேண்டும். நான்கு வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. 92க்கு மட்டும் "ஓய்வுநாளின் பாட்டு" என்று எபிரேயத் தலைப்பு இருக்கிறது. மற்ற நாள்களில் சிலவற்றுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் அப்படித் தலைப்பு சேர்கிறது.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சான்றும் உண்டு. 113 முதல் 118 வரை பஸ்கா முதலான திருவிழாக்களில் பாடும் அல்லேல் தொகுதி. அது ஒன்றாகவே இருக்கிறது. 120 முதல் 134 வரை ஆரோகண சங்கீதங்கள் பதினைந்தும் அப்படியே. தேவாலயத்தில் பெண்கள் முற்றத்திலிருந்து இஸ்ரவேலர் முற்றத்துக்கு ஏறப் பதினைந்து படிகள் இருந்தன, அவை பதினைந்து ஆரோகணங்களுக்கு ஈடு என்று மிஷ்னா கூறுகிறது. கூடாரப் பண்டிகையின் இரவுகளில் லேவியர் அந்தப் படிகளில் நின்று பாடினார்களாம். ஆகவே சில சிறு கொத்துகளை ஆராதனை கட்டியிருக்கலாம். முழு நூலையும் அது கட்டவில்லை.

மலைப்பாதை எழுதியது:

இந்த விவாதத்தைப் படிக்க மனம் நிறைகிறது. நான் பல காலம் சபையில் சங்கீதங்களைப் போதித்து வருபவன். தனித்தனிக் கொத்துகள் என்று சொல்லி நிறுத்திவிட்டால் பெரிய விஷயம் ஒன்று கைநழுவிப் போகும் என்பது என் கருத்து.

1985இல் ஜெரால்டு வில்சன் என்ற அமெரிக்க அறிஞர் இந்தத் தொகுப்புக்குள் ஒரு கதையோட்டம் இருப்பதாகக் காட்டினார். அதற்கு முன்பு ஹெர்மன் குங்கெல் பாடல்களை வகை பிரித்தார். சிக்மண்ட் மொவிங்கெல் அவற்றைத் தேவாலயத் திருவிழாவில் கொண்டுபோய் வைத்தார். இருவருக்கும் தனிப் பாடல்தான் முக்கியம்; எதற்கு அடுத்து எது நிற்கிறது என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வில்சன் புத்தகங்களின் ஓரங்களைப் பார்த்தார். 2ஆம் சங்கீதத்தில் தேவன் தம் ராஜாவை சீயோனில் ஏற்படுத்துகிறார். 72இல் அந்த ஆட்சி மகனுக்குக் கைமாறிச் செழிக்கிறது. 89இல், மூன்றாம் புத்தகத்தின் கடைசியில், உடன்படிக்கை கைவிடப்பட்டு கிரீடம் தரையில் கிடக்கிறது. "எதுவரைக்கும், கர்த்தாவே" என்ற கதறலோடு மூன்று புத்தகங்களும் ஓய்கின்றன.

அதற்கு அடுத்த பாடல் எது? 90. "தேவனுடைய மனுஷனாகிய மோசேயின்" ஜெபம். 150 சங்கீதங்களில் மோசேயின் பெயரைத் தாங்கியது அது ஒன்றே. ராஜா விழுந்த இடத்தில், ராஜாக்களே இல்லாத காலத்து மனிதர் எழுந்து "நீர் எங்களுக்கு அடைக்கலமானவர்" என்கிறார். அதன்பின் 93, 97, 99 மூன்றும் கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார் என்றே தொடங்குகின்றன. 96இன் நடுவிலும் அதே முழக்கம். பாபிலோனுக்குப் போய்த் திரும்பி, அரசன் இல்லாமல் அந்நியருக்குக் கீழ் வாழ்ந்த மக்களுக்கு இந்த வரிசை என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேவாலயம் எரிந்ததையும் சிறைபோனதையும் சுமந்தவர்கள்தான் இப்படி அடுக்க முடியும்.

உப்பங்கழி எழுதியது:

ஐயா, மிக அழகாகச் சொன்னீர்கள். 89ஐயும் 90ஐயும் அடுத்தடுத்து வாசித்து நானும் அசந்துபோயிருக்கிறேன். ஆனாலும் இதை முழுமையாக ஏற்க எனக்கு மூன்று தடைகள்.

முதலாவது, கதையோட்டத்துக்குத் தேவைப்படும் ஓரங்கள் எல்லாம் ஒத்துழைக்கவில்லை. முதல் புத்தகம் முடிகிற 41 நோயாளி ஒருவரின் பாடல். அதை அரச சங்கீதம் என்று சொல்ல நிறையவே வளைக்க வேண்டும். இரண்டாவது, 89இல் தாவீதின் அரசு தோற்றுப்போய் அதற்கு விடை கர்த்தரின் அரசாட்சியே என்றால், ஐந்தாம் புத்தகத்தில் 110 எதற்கு? 132 எதற்கு? இரண்டும் தாவீதின் சிங்காசனத்தை முன்னைவிட உரக்கப் பாடுகின்றன. 138 முதல் 145 வரை இன்னொரு தாவீது கொத்து வேறு சேர்ந்திருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த வரிசையை எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பதற்கே சான்று பலவீனமாக இருக்கிறது. சாக்கடல் அருகிலுள்ள கும்ரான் குகைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சங்கீதச் சுருள்களின் துண்டுகள் கிடைத்தன. 150ஐயும் முழுதாகத் தாங்கிய சுருள் அவற்றில் ஒன்றுகூட இல்லை. 119ஆம் சங்கீதம் மட்டுமே எழுதப்பட்டதாகத் தோன்றும் சுருள்கள் உண்டு. 1956இல் 11ஆம் குகையில் கிடைத்த பெரிய சங்கீதச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் விரித்தார்கள், ஜேம்ஸ் சாண்டர்ஸ் 1965இல் பதிப்பித்தார். எழுத்தமைதியைக் கொண்டு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதி என்று கணிக்கிறார்கள். அதில் 103க்கு அடுத்து 109, அதன்பின் 118, 104, 147, 105, 146, 148. ஆரோகண சங்கீதங்கள் 132 வரை ஒன்றாக ஓடுகின்றன. 133 வேறொரு இடத்தில் 141க்கும் 144க்கும் நடுவே இருக்கிறது. 134 சுருளின் கடைசிப் பகுதியில் 140க்கு அடுத்து வருகிறது. நமக்கு முடிவாக இருக்கும் 150 அங்கே முடிவில் இல்லை.

நான்காம் புத்தகத்தின் கதையோட்டம் அந்தச் சுருளை வைத்திருந்தவர்களுக்குத் தெரியாத கதை.

சுவடிவாசகன் எழுதியது:

அந்தச் சுருள் உண்மையிலேயே "சங்கீதப் புத்தகம்" தானா? அல்லது நம் பாட்டுப் புத்தகங்களைப் போல, ஆராதனைக்காக அங்கொன்றும் இங்கொன்றும் எடுத்து எழுதிக்கொண்ட கைப்பிரதியா? அது வெறும் கைப்பிரதி என்றால் உப்பங்கழியின் மூன்றாவது தடை விழுந்துவிடுமே.

உப்பங்கழி எழுதியது:

கேள்வியின் வேர் அதுதான். அறிஞர்களும் இதில்தான் பிரிகிறார்கள். ஷெமர்யாகு தல்மோன், மோஷே கோஷன்-கோத்ஸ்டைன், பாட்ரிக் ஸ்கீகன் ஆகியோர் அதை ஆராதனைத் தேவைக்காக எடுத்தெழுதிய திரட்டு என்றார்கள். சாண்டர்ஸும் பிற்பாடு பீட்டர் ஃப்ளின்டும் அதுவும் ஒரு சங்கீதப் புத்தகமே என்றார்கள்.

திரட்டு என்பவர்களுக்குச் சாதகமானது: 136ஐ ஒட்டி 118இன் வசனங்களைக் கோத்துக் கட்டியிருப்பதும், 145இன் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் கர்த்தர் ஸ்தோத்திரிக்கப்படுவாராக என்ற பல்லவி சேர்ந்திருப்பதும். அது சபை பதில் சொல்லிப் பாடிய தடம்.

எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமானது, அதற்குள்ளேயே இருக்கும் ஓர் உரைநடைப் பகுதி. தாவீது எத்தனை பாடல்கள் இயற்றினார் என்று அது கணக்குச் சொல்கிறது. துதிப் பாடல்கள் 3,600. நாள் பலிக்கு நாளொன்றுக்கு ஒன்றாக 364. ஓய்வுநாள்களுக்கு 52. மாதப் பிறப்புக்கும் திருநாள்களுக்கும் 30. ஆவியால் பீடிக்கப்பட்டவர்களுக்காக இசைக்க 4. ஆக மொத்தம் 4,050. இவை எல்லாவற்றையும் உன்னதமானவர் அருளிய தீர்க்கதரிசனத்தால் உரைத்தார் என்று அந்தப் பகுதி முடிகிறது. 364 என்பது அந்தச் சமூகத்தார் பின்பற்றிய ஆண்டுக் கணக்கு. பாடல்களைத் தீர்க்கதரிசனம் என்று அறிவித்துக்கொள்ளும் சுருளை, வேலைக்கு உதவும் கைப்பிரதி என்று எப்படித் தள்ளுவது?

அதோடு திருப்பெயர் வருமிடமெல்லாம் பழைய எபிரேய எழுத்தில் தனித்து எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பயபக்தியோடு எழுதிய கை அது.

கீழைக்காற்று எழுதியது:

இருவர் சொல்வதும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கிறது என்பதைக் காட்ட விரும்புகிறேன். 89க்கும் 90க்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள்.

கோட்டுக்கு முன்னால் உள்ள 89 சங்கீதங்களில் தலைப்பு இல்லாதவை ஆறு மட்டும்: 1, 2, 10, 33, 43, 71. அந்த ஆறிலும் 10ஐ 9ஓடு அகரவரிசை, அதாவது எபிரேய எழுத்து வரிசைப்படி வரிகள் தொடங்கும் முறை, கட்டிப்போடுகிறது. 43ஐ 42ஓடு "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற பல்லவி கட்டிப்போடுகிறது. கோட்டுக்குப் பின்னால் 61 சங்கீதங்கள். அவற்றில் 28க்குத் தலைப்பு கிடையாது. இராகத்தலைவன் முன்பக்கத்தில் 52 முறை வருகிறார். பின்பக்கத்தில் 109, 139, 140 ஆகிய மூன்றே இடம். சேலா பின்பக்கத்தில் 140, 143 இரண்டில் மட்டும். மாறாக அல்லேலூயா என்ற முழக்கம் 104இன் கடைசி வரிக்கு முன்பு நூலில் எங்குமே இல்லை.

முன்பாதியைக் கட்டியது பெயர்கள்: தாவீது, கோராகு, ஆசாப். வகைப் பெயர்களும் கூட. 52 முதல் 55 வரை மஸ்கீல், 56 முதல் 60 வரை மிக்தாம். பின்பாதியைக் கட்டியது துதி முழக்கங்கள். வேறு கை, வேறு காலம், வேறு பழக்கம்.

கும்ரானுக்கு வருவோம். அங்கே வரிசை பெரிதாகக் கலைந்திருப்பது எங்கே? 90க்குப் பிறகுதான். முதல் மூன்று புத்தகங்களின் பகுதிகளைத் தாங்கிய சுருள்களில் வரிசை பெரும்பாலும் நம்முடையதே. 31க்கு அடுத்து 33, 38க்கு அடுத்து 71 என்பது போன்ற சில விலகல்கள் மட்டும் உண்டு. முன்பாதி முந்திக் கெட்டிப்பட்டது, பின்பாதி கி.பி. முதல் நூற்றாண்டிலும் சிலரிடம் இளகியே இருந்தது. வில்சன் கண்ட திருப்பம் 89க்கும் 90க்கும் நடுவில் இருப்பது தற்செயல் ஆகாது. அவர் அங்கே ஓர் ஆசிரியரின் திட்டத்தைப் பார்த்தார். எனக்கு அங்கே ஒரு நூல் முடிந்து, அதைக் கையில் வாங்கிய தலைமுறை தன் பாடல்களைத் தொடுத்த இடம் தெரிகிறது. தொடுத்தவர்கள் முதலில் மோசேயை நிறுத்தினார்கள் என்பதில் நோக்கம் இருக்கிறது. அந்த அளவுக்கு மலைப்பாதை ஐயாவோடு உடன்படுகிறேன்.

இன்னும் ஒரு அடுக்கு பாக்கி இருக்கிறது. ஏலோஹிம் பாடல்கள் 83இல் முடிகின்றன. மூன்றாம் புத்தகம் 89இல் முடிகிறது. 84 முதல் 89 வரை உள்ளவற்றில் நான்கு மறுபடியும் கோராகின் புத்திரருடையவை. திருப்பெயரும் திரும்பி வருகிறது. ஆக 42–83 என்ற பழைய நூலின் கடைசியில் ஓர் இணைப்பை ஒட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஐந்து புத்தகப் பிரிவு வந்தது. அந்தப் பிரிவு பழைய நூலை 72இல் நறுக்கிக்கொண்டு போகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிக் ஏவால்ட் என்ற ஜெர்மானியர், 51–72 ஒருகாலத்தில் 41ஐ ஒட்டியே இருந்திருக்கும் என்றார். அப்படி வைத்துப் பார்த்தால் தாவீது எல்லாம் ஒரு பக்கம், பிறகு கோராகு, பிறகு ஆசாபின் பன்னிரண்டும் ஒன்றாக. "முடிந்தது" என்ற வரியும் சரியான இடத்தில் வந்து உட்காருகிறது. ஊகம்தான். ஆனால் 50 ஏன் தனித்து நிற்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நேர்த்தியான விடையை நான் படித்ததில்லை.

மலைப்பாதை எழுதியது:

கோடு போட்டுக் காட்டியதற்கு நன்றி சகோதரி. நோக்கம் இருக்கிறது என்று நீங்கள் ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

அடுத்தடுத்து நிற்பதற்குப் பொருள் உண்டு என்பது 1985இல் பிறந்த எண்ணம் இல்லை. சுவடிவாசகன் தம்பி முதலில் கேட்ட கேள்வியையே யூத ஆசிரியர்களான ரப்பிகளின் விவாதத் தொகுப்பாகிய தல்மூதின் பெராகோத் பகுதியில் ஒருவர் ரப்பி அபாகுவிடம் கேட்கிறார்: அப்சலோம் நிகழ்ச்சி பிந்தியது, சவுலின் குகை முந்தியது, சங்கீதத்தில் ஏன் மாறி இருக்கிறது? அடுத்திருப்பதிலிருந்து பொருள் எடுக்கும் வழக்கம் உங்களுக்கு இல்லை, ஆகவே உங்களுக்கு அது சிக்கல்; எங்களுக்கு அந்த வழக்கம் உண்டு, ஆகவே சிக்கல் இல்லை என்கிறார் ரப்பி. 2இல் ஜாதிகள் தேவனுக்கு எதிராகக் கொந்தளிக்கிறார்கள். 3இல் மகன் தந்தைக்கு எதிராக எழும்புகிறான். முதலாவதை நம்ப முடியாது என்பவனுக்கு, மகனே தந்தையை எதிர்த்தது நடக்கவில்லையா என்று பதில் சொல்வதற்காகவே இரண்டும் பக்கத்தில் இருக்கின்றன என்பது அங்கே வரும் விளக்கம்.

அப்படிப் பார்க்கத் தொடங்கினால் கண்ணில் படுவது ஏராளம். 7 கர்த்தருடைய நாமத்தைப் பாடுவேன் என்று முடிகிறது. 8 அந்த நாமத்தின் மேன்மையோடு தொடங்குகிறது. 32இன் கடைசி வரி நீதிமான்களைக் களிகூர அழைக்கிறது. 33இன் முதல் வரியும் அதே அழைப்பு. 103, 104 இரண்டும் "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று தொடங்கி அதையே சொல்லி முடிகின்றன. 105 தேவன் செய்த நன்மைகளின் வரலாறு. 106 அதே வரலாற்றில் மக்கள் செய்த துரோகங்கள். 111, 112 இரண்டும் அகரவரிசைப் பாடல்கள். ஒன்று கர்த்தரைப் பற்றி, மற்றது அவருக்குப் பயப்படுகிற மனிதனைப் பற்றி.

வாசலையும் மறக்க வேண்டாம். 1 "பாக்கியவான்" என்று தொடங்குகிறது. 2 "பாக்கியவான்கள்" என்று முடிகிறது. இரண்டுக்கும் தலைப்பு இல்லை. இரண்டும் ஒரே பகுதி என்று அதே பெராகோத் சொல்கிறது. யாரோ ஒருவர் வாசலில் நின்று, உள்ளே வருபவனிடம் இதை இரவும் பகலும் தியானி என்கிறார். பாடும் புத்தகம் தியானிக்கும் புத்தகமாக ஆன கணம் அது என்று நினைக்கிறேன்.

உப்பங்கழி எழுதியது:

வாசலைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன் ஐயா. நூல் ஏறக்குறைய முடிந்த நிலையில் வைத்த முன்னுரை அது. அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் பவுல் "இரண்டாம் சங்கீதத்திலே" என்று எண் சொல்லி மேற்கோள் காட்டுகிறார். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அதே இடத்தில் "முதலாம் சங்கீதம்" என்றிருக்கிறது. 1ஐயும் 2ஐயும் ஒன்றாக எண்ணியவர்களோ, 1ஐ எண்ணாமல் முன்னுரையாக விட்டவர்களோ இருந்தார்கள் என்று அர்த்தம்.

ஆனால் 32–33 இணைப்பைச் சற்று உரசிப் பாருங்கள். கும்ரானின் ஒரு சுருளில் 31க்குப் பிறகு நேராக 33 வருகிறது என்று அக்கா மேலே குறிப்பிட்டார்கள். அந்த இரண்டு வரிகளின் ஒற்றுமை அந்தச் சுருளில் கிடையாது. மேலும் துதிப் பாடல்களில் சொல்வளம் ஓரளவுக்குப் பொதுவானது. எந்த இரண்டை அருகருகே வைத்தாலும் ஏதோ ஒரு சொல் ஒத்துப்போகும். அடுக்கியவர் எண்ணி வைத்த இணைப்பையும் வாசிப்பவர் கண்டெடுக்கும் இணைப்பையும் பிரிக்க நம்மிடம் அளவுகோல் வேண்டும். 103–104, 105–106, 111–112 மூன்றும் எந்த அளவுகோலிலும் தேறும். 7–8 தேறுமா என்பது எனக்குச் சந்தேகம்.

ரப்பிகளிடையேயும் மறுபக்கம் உண்டு. சங்கீதங்களைச் சரியான வரிசையில் அடுக்க வேண்டும் என்று ரப்பி யோசுவா பென் லேவி விரும்பினார். "உறங்குவதை எழுப்பாதே" என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டது என்று மித்ராஷ் கூறுகிறது. வேதப் பகுதிகள் உரிய வரிசையில் கொடுக்கப்பட்டிருந்தால் வாசிப்பவர் எவரும் மரித்தோரை எழுப்பிவிடுவார், ஆகவே வரிசை மறைக்கப்பட்டது என்று அங்கேயே இன்னொரு ரப்பியின் விளக்கம். 3ஆம் நூற்றாண்டிலேயே இந்த வரிசை ஒரு புதிராகத்தான் இருந்திருக்கிறது.

தேன்தட்டு எழுதியது:

தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் பழைய புத்தகங்களில் "கடவுளே, என்மீது இரக்கமாயிரும்" என்ற பாடல் 50 என்று இருக்கும், இப்போது 51. அடக்கச் சடங்கில் பாடும் "ஆழத்திலிருந்து" 129 என்றும் 130 என்றும் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். மொத்தம் மட்டும் 150 மாறவே இல்லை. எப்படி?

கீழைக்காற்று எழுதியது:

கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் 9ஐயும் 10ஐயும் ஒன்றாக எண்ணினார்கள். அகரவரிசை இரண்டிலும் தொடர்வதால் அது நியாயமானதே. அங்கிருந்து அவர்களுடைய எண் ஒன்று குறையத் தொடங்கியது. பிறகு 114ஐயும் 115ஐயும் சேர்த்தார்கள். 116ஐ இரண்டாகப் பிரித்தார்கள். 147ஐயும் இரண்டாகப் பிரித்தார்கள். கடைசி மூன்றில் எண்கள் மீண்டும் ஒன்றாகின்றன. லத்தீன் வேதாகமம் கிரேக்க எண்ணைப் பின்பற்றியது. பழைய கத்தோலிக்க நூல்களில் அதுவே வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பாடல்களை எங்கே வெட்டுவது என்பதில் வேறுபட்டவர்கள்கூட 150ஐ விடவில்லை என்பது. கிரேக்கத்தில் தாவீது கோலியாத்தைக் கொன்றதைப் பற்றி இன்னொரு பாடல் கடைசியில் உண்டு. அதன் தலைப்பிலேயே "எண்ணிக்கைக்குப் புறம்பானது" என்று எழுதியிருக்கிறார்கள். அதன் எபிரேய மூலம் அந்தப் பெரிய கும்ரான் சுருளின் கடைசியில் கிடைத்தது. எல்லா யூதரும் 150 என்று எண்ணவில்லை. எருசலேம் தல்மூதில் 147 என்று ஒரு கணக்கு இருக்கிறது, யாக்கோபின் வயதுக்கு ஈடாக. ஆனால் மசாதா கோட்டையில் கிடைத்த ஒரு சங்கீதச் சுருள் 150ஆம் சங்கீதத்தோடு முடிகிறது. கோட்டை விழுந்தது கி.பி. 73 அல்லது 74இல். நம் முடிவு அன்றைக்கே ஓரிடத்திலாவது இருந்தது.

சுவடிவாசகன் எழுதியது:

அகரவரிசை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 145ஆம் சங்கீதம் எபிரேயத்தில் அகரவரிசை, ஆனால் நூன் எழுத்துக்குரிய வரி மட்டும் இல்லை என்கிறார்கள். அடுக்கியவர்கள் கையில் வந்தபோதே அது விடுபட்டிருந்ததா?

உப்பங்கழி எழுதியது:

யூதர் வழிவழியாகக் காத்துவந்த மசோரெத்திய எபிரேயப் பாடத்தில் இல்லை. கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் இருக்கிறது. கும்ரான் சுருளிலும் இருக்கிறது: தேவன் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர், தம் செயல்கள் அனைத்திலும் கிருபையுள்ளவர் என்ற கருத்தில். திருவிவிலியத்தில் 145இன் 13ஆம் வசனத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய திருப்புதலில் காண முடியாது.

மூலத்தில் இருந்து விழுந்ததா, பிறகு இட்டு நிரப்பியதா என்பதில் நான் இரண்டாவது பக்கம். அந்த வரி 17ஆம் வசனத்தை ஏறக்குறைய அப்படியே பார்த்து எழுதியது போல இருக்கிறது. நூனில் தொடங்குவதற்காக முதற்சொல் மட்டும் மாறியிருக்கிறது. பாடல் முழுக்கக் கர்த்தர் என்று வர, கும்ரானில் அந்த ஒரு வரியில் தேவன் என்று வருகிறது. 25ஆம், 34ஆம் சங்கீதங்களிலும் அகரவரிசை முழுமையாக இல்லை. ஓர் எழுத்து குறைவது எபிரேயப் பாவலர்களுக்குப் பெரிய குற்றமாகவும் தோன்றியிருக்கவில்லை.

தல்மூதில் ரப்பி யோகனான் இதற்குக் காரணம் சொல்கிறார். "இஸ்ரவேல் என்னும் கன்னிகை விழுந்தாள்" என்ற ஆமோஸின் வசனம் நூன் எழுத்தில் தொடங்குகிறது. அதனால் தாவீது அந்த எழுத்தைத் தவிர்த்தார். அடுத்த வரியிலேயே, விழுகிற யாவரையும் கர்த்தர் தாங்குகிறார் என்று சாமெக் எழுத்தில் பாடினார் என்று அங்கேயே இன்னொரு ரப்பி சேர்த்துச் சொல்கிறார். கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிடுபவனுக்கு இது சான்று ஆகாது. ஆனால் அந்த ரப்பியின் கையில் இருந்த பிரதியில் நூன் வரி இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.